பெருவிரல் தடிப்பில் பாலைக் கன்று விற்றால் வாங்காதீர்கள்

மாரி தொடங்கப்போகிறது. மட்டக்களப்பில் பலர் இப்போது வளவுக்கு மரக்கன்று தேடுவீர்கள். அதற்கு முதல் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வளவில் முன்பு ஒரு பாலை மரம் நின்றது. 1978 சூறாவளியில் தென்னைகள் எல்லாம் சாய்ந்தும் அது அசையவில்லை என்று அம்மா சொல்லுவார். புது வீடு கட்டும்போது தறித்துவிட்டோம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் புல் கருகிக் கிடந்தாலும் கரும்பச்சையாய் நிற்கும் மரம். அம்மாவுக்கு அந்த நிழல் திரும்ப வேண்டுமாம். அதனால் போன ஐப்பசியில் வீதியோரத்தில் கன்று விற்ற ஒருவரிடம் போனேன்.

"ஒரு வருசக் கன்று மனே. வேர் நல்லா ஓடியிருக்கு. வைச்சிட்டுத் திரும்பியும் பார்க்கத் தேவையில்ல" என்றார். மூன்றடி உயரம், என் பெருவிரல் தடிப்பில் தண்டு. பாலை இலைக்கே உரிய நுனிப் பிளவும் இருந்ததால் சந்தேகம் வரவில்லை. ஒன்று 1,500 ரூபாய்ப்படி ஆறு வாங்கினேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "நம்மட ஆக்களுக்குள்ள எதுக்கு மனே துண்டு" என்றுவிட்டார்.

பையைக் கிழித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வேரோடிய கன்று என்றால் மண் ஒரே கட்டியாக வரும். இது பொலபொலவென்று கொட்டியது. மழைக்கு முதல் நட்டுவிடும் அவசரத்தில் கவனிக்காமல் விட்டேன்.

மழை பெய்த வரைக்கும் இலை பச்சையாகத்தான் இருந்தது. பங்குனியில் மஞ்சளடித்தது. கச்சான் தொடங்கியதும் ஆறும் காய்ந்தன. பட்டையைச் சுரண்டினால் பச்சையும் இல்லை, பாலும் இல்லை. ஒன்றைப் பிடித்தேன், இழுக்காமலே கையோடு வந்தது. ஆணிவேர் நாலு விரல் நீளம்தான். அதற்குக் கீழே கத்தியால் வெட்டிய தட்டையான முகம், கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் நூல் மாதிரி இரண்டு வேர். மற்ற ஐந்தும் அப்படியே. எங்கேயோ தானாக முளைத்து நின்ற கன்றுகளைப் பிடுங்கி, வேரை வெட்டிப் பைக்குள் திணித்திருக்கிறார்.

பாலை மிக மெதுவாக வளரும். இந்தியாவில் சப்போட்டாக் கிளையை ஒட்டுவதற்குப் பாலை நாற்று வளர்ப்பவர்கள் பென்சில் தடிப்பு வரவே பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் பெருவிரல் தடிப்பு என்பது பொய். அது வறட்சியைத் தாங்குவதும் வேர் ஆழமாக இறங்குவதால்தான். அந்த ஆணிவேரை வெட்டிவிட்டு, தண்ணீர் தேவையில்லை என்று சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "நீங்க தண்ணி ஊத்தியிருக்க மாட்டீங்க, தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பேசத் தொடங்கினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம் என்றால், கையில் காட்ட ஒரு துண்டு இல்லை.

காசு கொடுக்க முதல் ஒரு கன்றையாவது பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். அப்புறம், துண்டு வாங்காமல் வராதீர்கள்.

நான் இந்த முறை பாலைப்பழம் வாங்கி, கொட்டைகளைக் கழுவி நீளமான பைகளில் போட்டேன். பன்னிரண்டு முளைத்திருக்கின்றன. இன்னும் ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. இந்த மாரிக்கு நிலத்தில் வைக்க முடியாது, அடுத்த மாரிக்குத்தான்.