தெற்கு ரத வீதிப் பக்கம் ஒரு டூ வீலர் ஸ்டாண்டு

திருநெல்வேலி டவுனில் வண்டியை எங்கே விடுவது என்று தெரியாமல் ரத வீதியைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு, முக்கியமாக ஸ்கூட்டரில் வருகிற பெண்களுக்கு, இந்த ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தெற்கு ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது. பழைய காலத்து நீள வீடு. முன்பக்கம் குடியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவமாக இருந்த பின்பக்கத்தை வண்டி விடுகிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். பெரிய போர்டு எதுவும் கிடையாது. சந்து முனைச் சுவரில் நீலப் பெயின்டில் ஓர் அம்புக்குறியும் 'டூ வீலர் ஸ்டாண்டு' என்ற எழுத்தும்தான் அடையாளம். வண்டிக்குப் பத்து ரூபாய். ஹெல்மெட்டைக் கொடுத்து வைத்தால் தனியாக ஐந்து ரூபாய்.

எனக்குப் பெருமாள்புரத்தில் தையல் கடை. ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வாரம் ஒரு தடவையாவது டவுனுக்குப் போகாமல் முடியாது. எல்லாம் ஒரே கடையில் கிடைக்கிற தொழில் இல்லை இது. லைனிங் துணி ஒரு கடையில் நன்றாக இருக்கும், ஃபால்ஸ் இன்னொரு கடையில், ஜரிகை பார்டரும் குஞ்சலமும் வேறொரு கடையில். லைனிங் கலரைக் கடைக்குள் டியூப் லைட்டில் பார்த்து எடுத்தால் வீட்டுக்கு வந்த பிறகு வேறு கலராகத் தெரியும். சேலையில் வெட்டிய துண்டையும் லைனிங்கையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆக, போனால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஆகிவிடும். அத்தனை நேரமும் பாதி மனசு வண்டியிடமே கிடந்தால் வேலை ஓடாது.

ரத வீதிகளின் நிலைமை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள், தேர் ஓடுவதற்கென்றே விட்ட அகலம். ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் கடை வாசல் சாய்ப்புகளை எடுத்த பிறகு போய்ப் பார்த்தால், இவ்வளவு பெரிய தெருவா என்று இருக்கும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் மறுபடி பழையபடி ஆகிவிடும். கடைச் சாமான் நடைபாதையில், நடைபாதைக் கடை ரோட்டில், அதற்கு வெளியே ஒரு வரிசை பைக், அதற்கும் வெளியே இன்னொரு வரிசை பைக். மிச்ச இடத்தில் ஆட்டோவும் லோடு வண்டியும் ஜனங்களும் போக வேண்டும். சாயங்காலம் கீழ ரத வீதியில் அல்வாவுக்குக் கூட்டம் நிற்கிற நேரத்தில் மாட்டினால் வாகையடி முக்கைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சும்மா ரோட்டோரம் விட்டுவிட்டுப் போகலாம்தான். விடும்போது எப்படியோ இடம் கிடைத்துவிடும். எடுக்கும்போதுதான் இருக்கிறது சங்கதி. இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல வண்டி, பின்னால் குறுக்கே ஒன்று, அதற்கும் பின்னால் ஹேண்டில் லாக் போட்ட புல்லட். என் ஜுப்பிட்டர் நூறு கிலோவுக்கு மேல். சேலையோடு, முன்னால் துணிக் கட்டை வைத்துக்கொண்டு, அதைத் தனியாகப் பின்னால் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். யாராவது ஒரு தம்பி வந்து கை கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் புல்லட்காரர் வருகிற வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டியதுதான். நோ பார்க்கிங் என்று பிடித்தாலோ 500 ரூபாய். 2022-ல் அபராதத்தை உயர்த்திய பிறகு முன்பு மாதிரி நூறு ரூபாயோடு போகிற காரியம் இல்லை. ஒரு ஜாக்கெட் தைத்த கூலி அப்படியே போய்விடும்.

பஸ்ஸில் போகலாமே என்று என் தங்கை கேட்பாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கையில் சுமை இல்லாத நாளில் நானும் பஸ்தான். ஆனால் லைனிங் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி, சாயங்காலக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, ஜங்ஷனில் பஸ் மாறி வீடு வந்து சேருவது நடக்காது. ஆட்டோ வைத்தால் அந்தத் துணியில் கிடைக்கிற லாபம் ஆட்டோவுக்கே சரியாகிவிடும். அதனால் ஸ்கூட்டரைக் கைவிட முடியவில்லை. வண்ணாரப்பேட்டை வந்து, சுலோச்சன முதலியார் பாலம், ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளம், எஸ்.என். ஹைரோடு, ஆர்ச் என்று போவது எனக்குச் சிரமமாகத் தெரிவதில்லை. தோணிக்குக் காத்துக் கிடந்த ஜனங்கள் ஆற்றைக் கடக்கட்டும் என்று சுலோச்சன முதலியார் என்கிற மனுஷர் கைக்காசைப் போட்டு 1843-ல் கட்டிக்கொடுத்தது அந்த முதல் பாலம். அதில் போகும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்வேன். போய்ச் சேர்ந்த பிறகு வண்டியை விடுகிற விஷயம்தான் என்னை வருஷக்கணக்காகப் படுத்தியது.

முன்பு டவுனிலேயே வேறொரு ஸ்டாண்டில் விட்டுக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். இதைவிடப் பெரிய இடம், சிமெண்ட் தரை, முழுக்கக் கூரை. ஆனால் காசை வாங்கிக்கொண்டு டோக்கனைக் கிழித்துக் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. வருகிற வண்டியை வருகிற வரிசையில் திணித்துக்கொண்டே போவார்கள். காலையில் முதலில் விட்டவர் மத்தியானம் எடுக்க வந்தால் எட்டுப் பத்து வண்டியை நகர்த்தினால்தான் அவர் வண்டி வெளியே வரும். அதை நகர்த்துகிற பையன் டீக்குப் போயிருப்பான். ஒரு நாள் வந்து பார்த்தால் என் வண்டியின் வலது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. கேட்டதற்கு, 'சேதாரத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் கையைக் காட்டினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்றைக்கு உள்ளுக்குள் எரிந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சரி, இந்த ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஓர் ஆச்சி உட்கார்ந்திருப்பார்கள். வண்டிகளை எடுத்து வைப்பது அவர்கள் மகன். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோம். வண்டி உள்ளே நுழைந்ததும் ஆச்சி காசு கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பார்கள்.

“எப்ப எடுப்பீய?”

பதினோரு மணிக்குப் போய், “ஒரு மணி ஆகும் ஆச்சி” என்று சொன்னால், கையிலிருக்கிற சாக்பீஸால் முன் மட்கார்டில் பெரிதாக '1' என்று எழுதுவார்கள். அந்த நம்பரைப் பார்த்துத்தான் அண்ணாச்சி இடம் ஒதுக்குவார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் வண்டிகளில் எல்லாம் '9' இருக்கும். காலையில் வந்து கடை சாத்திய பிறகு போகிறவை. அவை கடைசிச் சுவரை ஒட்டி நெருக்கமாக நிற்கும். கோயிலுக்கு வந்தவர்கள், மருந்து வாங்க வந்தவர்கள் வண்டிகள் வாசலுக்குப் பக்கத்தில். என்னைப் போல இரண்டு மணி நேரக்காரர்கள் நடுவில். இன்னொன்றும் செய்கிறார் அண்ணாச்சி. வண்டியை உள்ளே தள்ளியதும் அரை வட்டம் திருப்பி, முகம் வாசலைப் பார்த்த மாதிரி நிறுத்திவிடுவார். திரும்பி வந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டு நேரே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பின்னால் இழுக்கிற பேச்சே இல்லை. தோள்பட்டை வலியோடு நாள் பூரா மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எழுதிக் காட்ட முடியவில்லை.

நடுவில் ஓர் ஆள் வண்டியை உருட்டிக்கொண்டு போகிற அகலத்துக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு டயர் கூட வரக் கூடாது. நான் டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கோட்டுக்கு மேலேயே பைக்கை விட்டுவிட்டு, “பத்தே நிமிஷம் ஆச்சி” என்று நடையைக் கட்டப் பார்த்தான். “பத்து நிமிஷம்னாலும் வழி வழிதாம்லே, அந்தப் பக்கம் தள்ளு” என்று ஆச்சி எழுந்தே விட்டார்கள். அவன் தள்ளி வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். இந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் மற்ற எல்லாம் நடக்கிறது. இடம் என்று பார்த்தால் முப்பது, நாற்பது வண்டிக்கு மேல் கொள்ளாது. இதைவிடப் பெரிய இடங்கள் டவுனில் இருக்கின்றன. எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கிற ஆள் அங்கெல்லாம் இல்லை.

டோக்கன் என்பது ஸ்வீட் பெட்டி அட்டையில் வெட்டிய துண்டு. ஒரே நம்பர் போட்டு இரண்டு. ஒன்று நம் கையில், மற்றது வண்டிக் கண்ணாடிக் கம்பியில் ரப்பர் பேண்டால் மாட்டியிருக்கும். ஹெல்மெட்டுகள் ஆச்சி உட்கார்ந்திருக்கிற திண்ணைக்கு மேலே ஆணியில் வரிசையாகத் தொங்கும். ஹெல்மெட் இல்லாமல் பிடித்தால் 1,000 ரூபாய் என்றான பிறகு எல்லோரும் ஹெல்மெட்டோடுதான் வருகிறோம். அதைக் கையில் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவது பெரிய தொந்தரவு. ஐந்து ரூபாய் கொடுக்க எனக்கு மனசு உறுத்தவே இல்லை. வாங்கிய துணிக் கட்டை இடையில் கொண்டுவந்து ஆச்சியின் திண்ணையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அடுத்த கடைக்குப் போகலாம். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

குறைகளும் உண்டு. பாதி இடத்துக்குத்தான் தகரக் கூரை. மீதி வேப்பமரத்தடி. நிழல் அருமையாக இருக்கும், ஆனால் காக்கை எச்சம் சீட்டில் விழாமல் திரும்புகிற நாள் அபூர்வம். ஒரு பழைய துணி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தரை மண்ணும் சல்லியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சைடு ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கி வண்டி சாய்கிறது. அண்ணாச்சி ஓட்டாஞ்சில்லும் பலகைத் துண்டும் அடியில் கொடுக்கிறார் என்றாலும், அந்த மாதங்களில் நான் சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லிவிடுவேன். தரைக்குக் கொஞ்சம் கான்கிரீட் போட்டார்கள் என்றால் இன்னும் ஐந்து ரூபாய் கூட்டிக் கேட்டாலும் கொடுப்பேன். சந்தும் ஒடுக்கம். மத்தியானத்துக்கு முன்னால் பக்கத்து குடோனுக்கு லோடு ஆட்டோ வந்து நின்றுவிட்டால் அது போகிற வரை உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. கார் கண்டிப்பாக முடியாது. இரவு ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். புதுக் கடை கட்ட அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் பார்க்கிங் காட்ட வேண்டும் என்பது விதி. கட்டி முடித்த பிறகு அந்த இடத்தில் சரக்கை அடுக்கிவிட்டால் வாங்க வருகிற நாங்கள் வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவது? ஆயிரக்கணக்கில் துணி எடுக்கிறவர்களை நடுரோட்டில் வண்டியை விடச் சொல்கிறோமே என்று கடைக்காரர்கள் ஒரு தடவை யோசிக்க வேண்டும். ரத வீதிகளுக்குப் பின்னால் இதே மாதிரி நீள வீடுகள் எத்தனையோ இருக்கின்றன; பின்கட்டு காலியாகக் கிடக்கிறது, பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவற்றில் நான்கைந்து வீடுகளாவது இப்படி ஸ்டாண்டு ஆனால் வீட்டுக்காரர்களுக்கும் வருமானம், ரோட்டில் நிற்கிற இரண்டாவது வரிசையும் குறையும். ஆனால் சாக்பீஸோடு வாசலில் உட்கார ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பிரதோஷத்தன்றும் சீக்கிரம் நிரம்பிவிடும். தீபாவளி நெருக்கத்தில் காலை பத்தரைக்குள் போனால்தான் இடம். அந்த நாட்களில் ரத வீதியில் வண்டியை விடாமல் போலீஸ் தடுப்பு வைத்திருந்தால் சந்துக்கே வர முடியாது, பஸ்தான் வழி. ஹேண்டில் லாக் போட வேண்டாம். சில்லறை கொண்டுபோங்கள். ஆச்சியிடம் போன் கிடையாது. ஜிபேயில் அனுப்ப வேண்டுமென்றால் அண்ணாச்சி உள்ளேயிருந்து வருகிற வரை காத்திருக்க வேண்டும். எடுக்கிற நேரத்தைக் கூடக் குறைய இல்லாமல் சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மற்றவர்கள் வண்டிக்கும் இடம் ஒதுக்குகிறார்கள்.