மழைக்கு அசையாத ஃபைபர், கேட்டால் வாய் திறக்காத ஃபைபர்

தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு சிறிய கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் பகலில். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஆகியவற்றுக்கு நேரம் காலம் கிடையாது. ரௌட்டர் கல்லாவுக்கு மேலேயே தொங்குவதால், புதிதாக ஃபைபர் இணைய இணைப்பு வாங்க நினைக்கும் தெருக்காரர்கள் என்னிடம் வந்து, "அக்கா, இது எப்படி?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை இவர்களிடம் மட்டும் இருப்பதல்ல.

மாதம் 550 ரூபாய், வரியோடு 649. வேகம் நூறு எம்பிபிஎஸ் என்றார்கள், பெரும்பாலும் தொண்ணூறுக்குக் குறையாமல் வருகிறது. மாலை ஏழிலிருந்து பத்து வரை தெரு முழுவதும் சீரியலும் கிரிக்கெட்டும் ஓடும்போது கொஞ்சம் தள்ளாடும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த காகிதக் கட்டுகள் எல்லாம் ஊறி இட்லி மாவு போல ஆகிவிட்டன. கரண்ட் திரும்பிய அன்று மாலையே இணைப்பும் திரும்பிவிட்டது. செல்போன் கோபுரங்கள் அப்போதும் திணறிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு ஆயா என் கடையிலிருந்துதான் மும்பையில் இருக்கும் மகனிடம் வீடியோவில் பேசி அழுதார்.

எங்கள் பகுதியில் இணைப்புக்குப் பெரிய எதிரி மழை இல்லை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிதான். தாழ்வாகத் தொங்கும் கேபிளை இழுத்துக்கொண்டே போய்விடும். புகார் சொன்னால் நிறுவனத்தின் லைன் பார்க்கும் தம்பி அன்றைக்கே வந்துவிடுகிறார். அவர் வேலை செய்வதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். அறுந்த கேபிளின் மேல்தோலை உரித்து, உள்ளே இருக்கும் முடி போன்ற கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு முனைகளையும் டிபன் பாக்ஸ் அளவு இயந்திரத்துக்குள் வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு குச்சிகள் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. 0.02 டிபி என்று எழுத்து வந்தது, ஒட்டிய இடத்தில் ஒளி எவ்வளவு குறைகிறது என்ற கணக்கு அது. "இழப்பே இல்லை அக்கா" என்று சிரித்தார். இவ்வளவு அருமையான கைவேலைக்காரரை வைத்திருக்கும் நிறுவனம்தான் என்னை ஓர் இரவு முழுவதும் முட்டாளாக்கியது.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். பத்து வருடம் திருட்டு மென்பொருளில் கடையை ஓட்டியவள் நான். எவனோ கொண்டுவந்த பென் டிரைவில் இருந்த வைரஸ், மொத்தக் கோப்புகளையும் தின்றது. அதன் பிறகு அண்ணன் மகன், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தான். இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ், லிப்ரே ஆஃபீஸ் என்று எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம். முதல் மூன்று மாதம் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், பிறகு பழகிவிட்டது. இப்போது யார் வந்து எதைச் சோதித்தாலும் எனக்குப் பயமில்லை.

சென்ற ஆண்டு ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி. காசிமேட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தாத்தா தவறிவிட்டார், காலையில் எடுக்கிறார்கள், விடிவதற்குள் போஸ்டர் ஒட்ட வேண்டும். அச்சகத்துக்குப் பதினொரு மணிக்குள் கோப்பு போயாக வேண்டும். மகன், மகள், மருமகன், மருமகள், பேரன், பேத்தி என்று 61 பெயர்கள். பெயர்களைச் சொல்லத் தெரிந்த பெரியம்மா மயங்கிக் கிடக்கிறார். "2009இல் எங்கள் அத்தை கல்யாணப் பத்திரிகை நீங்கள்தான் அடித்தீர்கள், அதில் எல்லாப் பெயரும் இருக்கும்" என்றார் ஒருவர். மெயிலில் தேடினேன், இருந்தது. ஆனால் எல்லாக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு முந்தைய பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழாகவே தெரியாது, ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான். அதை யூனிகோடாக மாற்றச் சின்ன நிரல் ஒன்று என்னிடம் இருந்தது, பழைய கணினியில். அந்த வாரம்தான் கணினியை மாற்றியிருந்தேன்.

பயப்படவில்லை. ஒரே வரிக் கட்டளையை ஒட்டினால் அந்த நிரல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் என்ற தளத்திலிருந்து இறங்கி, தானே நிறுவிக்கொள்ளும். ஒட்டினேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்றது. மறுபடியும் ஒட்டினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். யூடியூப் ஓடுகிறது, மெயில் வருகிறது. கிட்ஹப்பில் அந்த நிரலின் பக்கம்கூடத் திறக்கிறது, ஆனால் அதிலிருக்கும் படங்கள் உடைந்து கிடக்கின்றன. நிரல் இறங்கவேண்டிய முகவரி மட்டும் செத்துக் கிடக்கிறது. ஒன்பது மணிக்குமேல், நான்தான் புதுக் கணினியில் எதையோ கெடுத்துவிட்டேன் என்று முடிவுசெய்து, இருக்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு 61 பெயர்களையும் கையால் அடித்தேன்.

அறுபதுதான் அடித்திருந்தேன். மறுநாள் மாலை ஒரு பையன் கடை வாசலில் வந்து நின்றான். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. கோபப்படவில்லை. "நான் மட்டும் அவருக்குப் பேரன் இல்லையா அக்கா?" என்று கேட்டான். பதினாறாம் நாள் போஸ்டரை இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன், அவன் பெயரை முதலில் வைத்து. அதற்காக எனக்கு மனம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை தம்பி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தன் கருவியை மாட்டிப் பார்த்தார்.

"சிக்னல் சுத்தமாக இருக்கிறது அக்கா. உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு."

"அப்படியா? இதைப் பாருங்கள் தம்பி" என்று என் செல்போன் டேட்டாவில் அதே முகவரியைத் திறந்து காட்டினேன். திறந்தது. வைஃபைக்கு மாற்றினேன். திறக்கவில்லை. மறுபடியும் டேட்டா, திறந்தது.

அவர் தலையைச் சொறிந்தார். "இது ஆபீஸில்தான் கேட்க வேண்டும் அக்கா."

ஆபீஸில் கேட்டேன். முதல் நாள் பேசிய பெண், "அந்த வெப்சைட்டை அவர்களே மூடிவிட்டார்கள் மேடம்" என்றார். இரண்டாம் நாள் பேசியவர், "வைரஸ் இருக்கும், ஃபார்மட் செய்யுங்கள்" என்றார். மூன்றாம் நாள், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. தீர்த்தது யார், என்னத்தைத் தீர்த்தார்கள் என்று அதில் இல்லை.

அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுக்கும் பதிவேடு ஒன்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கும். அதைத்தான் டிஎன்எஸ் என்கிறார்கள். எங்கள் நிறுவனத்தின் பதிவேட்டில் இந்தத் தளத்துக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எண் எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும். கொருக்குப்பேட்டைக்கு வழி கேட்டவளை அவள் வீட்டுத் திண்ணைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் கணினி தன் கதவைத் தானே தட்டி, தானே மறுத்துக்கொண்டிருந்தது. வெளியில் உள்ள வேறொரு பதிவேட்டைக் கேட்கும்படி அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினான். அடுத்த நொடி நிரல் இறங்கியது.

அதாவது இது கோளாறே இல்லை. யாரோ மூடச் சொல்லி, இவர்கள் மூடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிட்ஹப்பின் இதே முகவரி வேலை செய்யவில்லை என்று 2022, 2023 வாக்கிலேயே நாட்டின் பல ஊர்களில், வேறு வேறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் புலம்பியிருக்கிறார்கள். 2014 டிசம்பரில் பயங்கரவாதப் பிரசாரத்தைக் காரணம் காட்டி மத்திய அரசு 32 முகவரிகளை மூடச் சொன்னபோது, கிட்ஹப்பின் ஒரு பகுதியும், அதே மாதிரி நிரல் கிடங்கான சோர்ஸ்ஃபோர்ஜும் அந்தப் பட்டியலில் இருந்தன. பிறகு சிலவற்றைத் திறந்துவிட்டார்கள். 2022இல், கணினியில் படம் பார்க்க உதவும் விஎல்சி பிளேயரின் அதிகாரப்பூர்வத் தளமே இந்தியாவில் மாதக்கணக்கில் திறக்கவில்லை. 1996இல் பாரிஸ் மாணவர்களின் கல்லூரி வேலையாகத் தொடங்கியது அது. எந்தக் கணினியைத் திறந்தாலும் கண்ணில் படும். அதைச் செய்கிறவர்கள் அக்டோபரில் அரசுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள், நவம்பரில் தடை விலகியது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை மாதமும் பிளேயர் எல்லாருடைய கணினியிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உண்மையான கடை மட்டும் மூடியிருந்தது. அந்த நேரத்தில் விஎல்சி வேண்டும் என்று தேடியவர்கள் எந்தெந்தப் போலித் தளங்களில் போய் எதை இறக்கினார்களோ!

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 2012இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி, இணைய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் என்று வீடியோத் தளங்களை முழுவதுமாகவே மூடின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் மூடினால் போதும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள், அந்தக் கதைதான்.

வெளிநாட்டில் வேறு மாதிரி. அங்கே தளத்துக்காரர்களே கதவைச் சாத்துகிறார்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, 2010 ஜனவரியில் சோர்ஸ்ஃபோர்ஜ் கியூபா, ஈரான், வட கொரியா, சூடான், சிரியா ஆகிய ஐந்து நாடுகளைத் தடுத்தது. 2019இல் கிட்ஹப், ஈரான், சிரியா, கிரைமியாவில் இருந்தவர்களின் கணக்குகளில் பல வசதிகளை முடக்கியது. 2021 ஜனவரியில் அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கி ஈரானியர்களுக்குத் திரும்பக் கொடுத்தது. யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்பது, இப்படி நிரலை எல்லாருக்கும் திறந்து வைக்கும் திறமூல உரிமங்களுக்கான வரையறையிலேயே இருக்கிறது. ஆனால் உரிமம் நிரலுக்குத்தான், அதை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்கு இல்லை. கிடங்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். நல்ல வேளையாக, நகலெடுக்கத் தடையில்லை என்பதால் இந்த மென்பொருள்களுக்கு ஊர் ஊராக மிரர் எனப்படும் நகல் தளங்கள் இருக்கின்றன. நம் நாட்டிலேயே இருக்கின்றன.

ஈரான்காரர்களை நினைத்தால் எனக்கு ஒரு விதத்தில் பொறாமைகூட வருகிறது. யார் மூடினார்கள், எந்தச் சட்டத்தில் மூடினார்கள் என்றாவது அவர்களுக்குத் தெரிந்தது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தளங்களை மூடலாம். அதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. என் விஷயம் அந்தப் பிரிவில் வந்ததா, ஏதாவது நீதிமன்ற உத்தரவா, நிறுவனத்தில் யாரோ பழைய பட்டியலை எடுக்க மறந்ததா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சட்டக் காரணத்தால் மூடப்பட்டது என்று சொல்வதற்கென்றே 451 என்று ஓர் எண்ணை 2016இல் இணையத் தரத்தில் சேர்த்திருக்கிறார்கள், பக்கம் காணோம் என்பதற்கு 404 இருப்பதுபோல. பூட்டுக் குறியுள்ள, அதாவது போக்குவரத்தை மறைத்து அனுப்பும் தளங்களுக்கு, நடுவில் நிற்கும் நிறுவனம் அந்த அறிவிப்பைக் காட்டுவது கடினம் என்கிறான் அண்ணன் மகன். சரி, போனில் சொல்லலாமே! "மேடம், அதை மூடச் சொல்லி உத்தரவு இருக்கிறது" என்று அந்த இரவு ஒருவர் சொல்லியிருந்தால், எட்டு மணிக்கே செல்போன் டேட்டாவில் நிரலை இறக்கியிருப்பேன். மூடியதற்கு நான் ஒரு மதிப்பெண்தான் குறைப்பேன். என் கணினியில் கோளாறு என்று பொய் சொன்னதற்கு இரண்டு.

ஐந்துக்கு இரண்டு என்று போட்டால் தம்பியின் கைவேலைக்கு அநியாயம் என்பதால், சேவைக்கு இரண்டு, தம்பிக்குத் தனியாக ஐந்து.

வீட்டுக்கு, படிக்கிற பிள்ளைகளுக்கு, படம் பார்க்க என்றால் தாராளமாக வாங்குங்கள். கணினி வேலை செய்கிறவர்கள், கல்லூரியில் நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன், இதே இணைப்பு உள்ள பக்கத்து வீட்டு வைஃபையில் உங்களுக்குத் தேவையான தளங்களை ஒரு முறை திறந்து பாருங்கள். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள், ரௌட்டருக்கு முன்பணம் ஆயிரம், ரசீதைத் தொலைத்தால் திரும்ப வராது. தம்பி ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். மற்ற நாட்களில் காலை பத்து மணிக்குமுன் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிடுவார். டீ கொடுத்தால் சர்க்கரை வேண்டாம் என்பார்.