ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை, பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்லித்தான் ஒரு டிராவல்ஸில் பணம் வாங்கினார்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில், நாங்கள் பார்க்கப் போன ஊருக்குள் இருந்தது வெறும் 100 நிமிடம். வீட்டுக்குத் திரும்பிய இரவே நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு நிதானமாகப் போய்வரலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அம்மா வேலையில் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் ஆசிரியையாக இருந்த ஊர் அது. பெயரைச் சொல்லவில்லை, அந்த ஊர் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. போவது முடிவானதும் அம்மா தன் சின்ன நோட்டில் நான்கு வரி எழுதிவைத்தார்: பள்ளிக்கூட வாசல், அங்கிருந்து நூலகம் போகும் தெரு, நூலகத்தில் ஜன்னல் ஓரத்துப் பெஞ்சு, குளக்கரை. அவ்வளவுதான். முழங்கால் வலி இருப்பதால் "நான் மெதுவாத்தான் நடப்பேன், யாரும் அவசரப்படுத்தக் கூடாது" என்பது மட்டும் நிபந்தனை. அதை அப்படியே அந்த டிராவல்ஸ்காரருக்கு எழுதி அனுப்பினேன். "கண்டிப்பா மேடம், உங்க அம்மாவுக்குன்னே போட்ட பேக்கேஜ் மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இன்னும் அழிக்கவில்லை.

விளம்பரத்தின் தலைப்பு 'ஆற அமர ஒரு நாள்'. ஓரத்தில் ஒரு நத்தைப் படம். கீழே 'மெதுநகரம்' என்ற சொல். எனக்கு அந்த நத்தையைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. இத்தாலியில் 1999-இல், அவசரமில்லாத நிதானமான வாழ்க்கையை விரும்பும் ஊர்களுக்காக சிட்டாஸ்லோ (மெதுநகரம்) என்று ஒரு அமைப்பு தொடங்கினார்கள். கிரேவே இன் கியாந்தி என்ற சிற்றூரின் மேயர் பாவ்லோ சதுர்னினி முன்னின்று கொண்டுவந்தது. 50,000 பேருக்கும் குறைவாக மக்கள் வாழும் ஊர்கள்தான் அதில் உறுப்பினராக முடியும். அதன் சின்னம் நத்தை. அதைப் பற்றி முன்பே படித்திருந்ததால், இவர்களும் அந்த எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உறுப்பினர் ஊர்களின் பட்டியலை அந்த அமைப்பே வெளியிடுகிறது. இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் நாங்கள் போகும் ஊர் அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். வந்த பிறகுதான் பார்த்தேன்.

பணம் கட்டும் பக்கத்தில் 'இன்னும் 2 இடங்களே உள்ளன' என்று சிவப்பு எழுத்து. பக்கத்திலேயே பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம். தம்பி "அக்கா, சீக்கிரம் கட்டிடு" என்றான். கட்டினேன். போன வாரம் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடிகாரம் முடிந்த பிறகு மறுபடி திறந்தால் திரும்பவும் பத்து நிமிடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது, அதே 2 இடங்களோடு. இப்படி ஆளை அவசரப்படுத்தி ஏமாற்றும் வடிவமைப்புக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010-இல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பெயர் வைத்தார். இந்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இது போன்ற 13 வகைகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. முதலில் ஒரு விலையைச் சொல்லிவிட்டு அப்புறம் துளித்துளியாக ஏற்றுவது இன்னொன்று. எங்களுக்கு இரண்டும் நடந்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை 'எரிபொருள் கூடுதல் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள். கட்டாவிட்டால் இடம் ரத்து, முன்பணமும் திரும்பாது என்றார்கள். அம்மா புதுச் செருப்பு வாங்கி வாசலில் வைத்திருந்தார். அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும்? கட்டினோம்.

எந்தக் கிழமை போவது என்பதையும் அந்த டிராவல்ஸ்காரர்தான் சொன்னார். "ஞாயிறு வேண்டாம் மேடம், திங்கட்கிழமை போங்க, கூட்டமே இருக்காது, கொஞ்சம் குறைச்சும் தரேன்." அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

7 மணிக்கு வர வேண்டிய வண்டி 7.50-க்கு வந்தது. குடும்பத்துக்கு மட்டும் தனி வண்டி என்று பேசியிருந்தோம். கதவைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே நான்கு பேர். அதன்பின் இன்னும் ஐந்து இடத்தில் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள். ஓர் இடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். நகரத்தைத் தாண்டும்போது மணி 9.10. ஊர் 110 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் என்று விளம்பரத்தில் இருந்தது. நேராகப் போயிருந்தால் 11 மணிக்காவது அங்கே இருந்திருப்போம்.

10.15-க்கு வண்டி ஒரு பெரிய ஷோரூம் வாசலில் நின்றது. 'பத்து நிமிட ஓய்வு' என்றார்கள். உள்ளே போனதும் எல்லோரையும் உட்காரவைத்து ஒருவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அது முடிந்ததும் அடுத்த அறை, அதற்கடுத்து பில் போடும் இடம். வெளியே வரும் வழி அந்த பில் கவுன்டரைத் தாண்டித்தான். 65 நிமிடம். அம்மா எதையும் வாங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊர் இன்னும் தூரமா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

வெளியே வந்து டிரைவரிடம் கேட்டேன், "அண்ணே, இது நம்ம திட்டத்திலேயே இல்லையே?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இங்க நிறுத்தலைன்னா எனக்கு அடுத்த டிரிப் குடுக்க மாட்டாங்கம்மா." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேக்கேஜ் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு, அழைத்துப் போகிற கடையில் கிடைக்கும் கமிஷனில் அதை ஈடுகட்டுவதுதான் இந்தத் தொழிலில் சிலர் கையாளும் வழி. இது பல நாடுகளிலும் இருக்கிறது. சீனாவில் இந்தத் தொல்லை பெருகி, 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் இதையே தடை செய்தார்கள்: நியாயமில்லாத குறைந்த விலையில் ஆளைச் சேர்த்து, கடைகளுக்குக் கூட்டிப்போய்க் கமிஷன் வாங்கக் கூடாது என்று. ஒரு நாடு சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குப் பழகிப்போன ஏமாற்று இது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், மீதியை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கடைக்காரர் விலை கொடுத்து வாங்குவது உங்கள் நேரத்தைத்தான்.

அப்புறம் சாலையோரத்தில் 'போட்டோ பாயின்ட்' என்று 35 நிமிடம். அதற்கும் பின்னால் ஒரு விற்பனைக் கூடம் இருந்தது. அப்புறம் சாப்பாடு. 'உணவு உட்பட' என்று எழுதியிருந்ததைக் காட்டினால், "அது காலை டிபன் மட்டும் மேடம்" என்றார் கூட வந்த பையன். காலையில் எதுவும் தரவில்லையே என்றதற்குப் பதில் இல்லை. ஊருக்குள் நுழைந்தபோது மணி 2.10.

முதலில் அருங்காட்சியகம். கேட்டில் பூட்டு. பக்கத்தில் வெள்ளைப் பலகையில் வார விடுமுறை திங்கட்கிழமை என்று தெளிவாக எழுதியிருந்தது. உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. வாரக் கடைசியில் திறந்துவைத்துவிட்டு அடுத்த நாள் மூடுவார்கள். (பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்.) வாராவாரம் அந்த ஊருக்கு ஆள் கூட்டிவருகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. திங்கட்கிழமை போகச் சொன்னவரும் அவர்தான், 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று பணம் வாங்கியவரும் அவர்தான். பூட்டிய கேட்டுக்கு எங்கள் நான்கு பேரிடமும், வண்டியில் இருந்த மற்றவர்களிடமும் நுழைவுக் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள். அதைப் புரிந்துகொண்ட அந்த நிமிடம் எனக்குக் கை நடுங்கியது.

சரி, அம்மாவின் தெருவையாவது பார்ப்போம் என்று கிளம்பினோம். பள்ளிக்கூடத்திலிருந்து நூலகம் 600 மீட்டர்தான். சாதாரணமாக நடந்தால் ஏழெட்டு நிமிடம். அம்மாவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேரவே 2.50 ஆகிவிட்டது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா உள்ளே பார்த்தார். "அந்த மரம் இல்ல" என்றார். பிறகு, "மணி அங்கேயேதான் தொங்குது" என்று என் மகளுக்குக் காட்டினார். அவள் அந்த மணியைப் பற்றி ஏதோ கேட்க, அம்மா பதில் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் போன் வந்தது. "மேடம், 3.30-க்கு எல்லாரும் வண்டியில இருக்கணும்." 5 மணி வரை ஊரில் இருக்கலாம் என்று எழுத்தில் கொடுத்தவர்கள்.

நூலகத் தெருவின் பாதியிலேயே திரும்பினோம். அம்மா எதுவும் சொல்லவில்லை. "விடும்மா, மத்தவங்க காத்திருப்பாங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். 3.50-க்கு வண்டி கிளம்பியது. திரும்பும் வழியில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, கடைசியாக எங்களை 7.20-க்கு வீட்டில் விட்டார்கள். பதினொன்றரை மணி நேரத்தில் நூறு நிமிடம், ஏழில் ஒரு பங்கு. அதிலும் அம்மா தன் நான்கு வரியில் ஒன்றைத்தான் பார்த்தார்.

மறுநாள் ரீஃபண்ட் கேட்டேன். 'பயணத் திட்டம் மாற்றத்துக்கு உட்பட்டது' என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். திரும்பக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். நான் செய்த பெரிய பிழை, 'கார்டு வேண்டாம், நேரடியா அக்கவுன்ட்டுக்குப் போடுங்க, தள்ளுபடி உண்டு' என்றதைக் கேட்டது. கார்டில் கட்டியிருந்தால் சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கி வழியாகவே மறுப்புத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். அதற்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போடாமல் வங்கியிடம் கேட்டுவிட வேண்டும். நேரடியாக மாற்றிய பணத்துக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பேக்கேஜ் பயணிகளைப் பாதுகாக்க 2015-இல் கொண்டுவந்த விதிகள் மிக வலுவானவை. ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறைவான, இரவுத் தங்கல் இல்லாத பயணங்கள் அதில் சேராது. அங்கேயே நிலைமை இப்படி. பெரிய டூருக்குப் பத்து முறை விசாரிக்கும் நாம் ஒரு நாள் பயணம்தானே என்று விட்டுவிடுகிறோம். அந்த அலட்சியத்தை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எத்தனை இடம் காட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். ஊருக்குள் எத்தனை மணிக்கு நுழைவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று கேளுங்கள். இரண்டு நேரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். நமக்குப் பிறகு எத்தனை இடத்தில் ஆள் ஏற்றுவார்கள், வழியில் எந்தக் கடையில் நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் பதில் சொல்வார். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்' என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். போகிற இடத்தின் வார விடுமுறையை நீங்களே போன் போட்டுக் கேளுங்கள், ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள். ரிவ்யூக்களில் நட்சத்திரத்தை விட்டுத் தேதியைப் பாருங்கள். நான் போன பக்கத்தில் இருந்த பாராட்டுகள் அத்தனையும் ஒரே வாரத்தில் வந்தவை என்று பின்னால்தான் கவனித்தேன். விளம்பரப் படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். இவர்கள் விளம்பரத்தில் இருந்த, ஊஞ்சல் தொங்கும் அழகான திண்ணைப் படம் வேறொரு நாட்டுத் தங்கும் விடுதியின் பக்கத்தில் இருக்கிறது.

அதே ஊஞ்சல் படத்தை மூன்று நாளுக்கு முன் வேறொரு பெயரில் பார்த்தேன். பெயர் புதிது, நத்தை பழையது, கடிகாரமும் அதே பத்து நிமிடம். பழைய பெயரில் நிறைய புகார் சேர்ந்ததும் கடையை மாற்றிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட்டோடு நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் ஏமாந்தவர் வேறு யாராவது இருந்தால், ரசீதையும் பேசிய மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். ஒருவர் சொன்னால் தகராறு என்பார்கள், பத்துப் பேர் சொன்னால் கேட்பார்கள்.

நாங்கள் மறுபடி போகிறோம், இந்த முறை ரயிலில். அம்மா நேற்று அந்த நூலகத்துக்குத் தானே போன் செய்தார். வியாழக்கிழமை காலையிலிருந்து மாலை வரை திறந்திருக்குமாம். ஜன்னல் ஓரத்துப் பெஞ்சு இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்.