யூகானின் புதிய பாயின்ட் கார்டு: டெமரியா, ஸ்மித்தா?

வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு கார்டு, அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கையாளும் வீரர், வந்து சேரும் செய்தி வெளியானதும், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் முதலில் தேடிப் பார்ப்பது, பழைய அணியில் அவர் ஓர் ஆட்டத்திற்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் எடுத்தார் என்பதைத்தான். அணி மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2021இல் தளர்ந்த பிறகு, ஒவ்வொரு கோடையிலும் இந்தத் தேடல் நடக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் யூகான் அணி, 2025-26 பருவத்திற்காக ஜார்ஜியாவிலிருந்து சைலஸ் டெமரி ஜூனியரையும் டேட்டனிலிருந்து மலாக்கை ஸ்மித்தையும் சேர்த்திருக்கிறது. இருவரில் யார் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று அணியின் ஆட்டத்தை நடத்துபவராக, ஆட்டத்தைத் தொடங்குவது என்ற விவாதமும் அந்தப் புள்ளிச் சராசரியிலிருந்துதான் கிளம்புகிறது. அது எவ்வளவு தவறான தொடக்கம் என்பதற்கு யூகானே அண்மைச் சான்று: பயிற்சியாளர் டான் ஹர்லியிடம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேர்ந்த கேம் ஸ்பென்சரையும் எய்டன் மஹானியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

காகிதத்தில் இருவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மேரிலாந்தின் லயோலாவில் மூன்று பருவங்கள் ஆடிவிட்டு ரட்கர்ஸுக்குச் சென்ற ஸ்பென்சர், அங்கே 2022-23இல் சராசரியாக 13 புள்ளிகளுக்குச் சற்று அதிகமாக எடுத்தார். கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரீஸில் இரண்டு பருவங்கள் ஆடிய மஹானியின் சராசரி ஏறத்தாழ 14. வயதில் இளையவர், தன் லீகின் முதல்நிலை அணியில் (பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில்) இரு முறையும் இடம்பெற்றவர் என்ற வகையில், 2024 கோடையில் மஹானியின் வரவுக்குக் கிடைத்த வரவேற்பு ஸ்பென்சருக்கு முந்தைய ஆண்டு கிடைத்ததைவிடக் குறைவானதல்ல. முடிவுகளோ நேர் எதிர். ஸ்பென்சர் 14 புள்ளிகளுக்கு மேல் எடுத்து, மூன்று புள்ளி எறிதல்களில் 44 விழுக்காட்டைக் கூடைக்குள் சேர்த்து, 2024 தேசியச் சாம்பியன் அணியின் தவிர்க்க முடியாத உறுப்பாக ஆனார். மஹானியோ சராசரியாக ஐந்து புள்ளிகளைக்கூட எட்டாமல், ஒரே பருவத்தில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார்.

மஹானிக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமும் அன்று. செயின்ட் மேரீஸ் நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளுள் ஒன்று. அங்கே உயரமான வீரர் ஒருவர் வந்து, எதிராளியின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் வைப்பார். பந்தைத் துள்ளவைத்தபடியே மஹானி அதைச் சுற்றி வந்து, எதிராளியின் நிலையைப் பார்த்து, எறிவதா கொடுப்பதா என்று நிதானமாகத் தீர்மானிப்பார். ஹர்லியின் ஆட்டமுறையில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. பந்து கையில் இல்லாதபோதுதான் அங்கே கார்டுக்கு வேலை அதிகம்: ஒரு ஸ்கிரீனிலிருந்து அடுத்ததற்கு ஓட வேண்டும், தானும் பிறருக்கு ஸ்கிரீன் வைக்க வேண்டும், பந்து வந்து சேரும் கணத்திலேயே எறியவோ அடுத்தவருக்கு அனுப்பவோ வேண்டும். ஸ்பென்சர் ரட்கர்ஸிலும் பெரும்பாலும் செய்தது அதுதான். பந்தை நடத்திச் செல்லும் பொறுப்பு அங்கே வேறொருவரிடம் இருந்தது, இவர் ஓடி இடம் பிடித்து எறிபவராக இருந்தார். அவர் யூகானுக்குக் கொண்டுவந்தது 13 புள்ளிகளை மட்டுமல்ல, அந்த அணிக்குத் தேவையான பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். தனி ஆவர்த்தனத்தில் கைதட்டல் வாங்கும் மிருதங்க வித்வான் பாட்டுக்கு எப்படி வாசிக்கிறார் என்பதையும் கேட்டுவிட்டுத்தானே கச்சேரிக்கு அழைக்கிறோம்?

தற்காப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பென்சர் வேகமானவர் அல்லர். ஆனாலும் எதிராளியின் பாஸ் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, ரட்கர்ஸில் ஓர் ஆட்டத்திற்கு ஏறக்குறைய இரண்டு முறை பந்தைப் பறித்தவர். மஹானியைத் தாண்டிச் செல்வது யூகான் ஆடும் பிக் ஈஸ்ட் லீகின் வலுவான கார்டுகளுக்குக் கடினமாக இருக்கவில்லை. எறிதலும் கைகொடுக்காத நாளில் அவரை ஆடுகளத்தில் வைத்திருக்கப் பயிற்சியாளருக்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

எனினும் முதல் இரண்டு மாதங்களைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் ரசிகர்களுக்கு டிரிஸ்டன் நியூட்டனை நினைவூட்ட வேண்டும். ஈஸ்ட் கரோலினாவில் 17 புள்ளிகளுக்கு மேல் எடுத்துவிட்டு 2022இல் வந்தவரின் சராசரி, யூகானில் ஆடிய முதல் பருவத்தில் பத்தாகக் குறைந்தது. 2023 ஜனவரியில் அணி தோல்விகளால் தடுமாறியபோது, இவர் பெரிய லீகுக்கான பாயின்ட் கார்டே அல்லர் என்ற பேச்சு பலமாகவே எழுந்தது. அதே ஆண்டு சான் டியேகோ ஸ்டேட்டுக்கு எதிரான தேசியத் தொடர் இறுதியாட்டத்தில் 19 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தவர் அவர்தான். மறு ஆண்டு பர்டியூவை 75-60 என்று வென்ற இறுதியாட்டத்தில் 20 புள்ளிகளுடன் தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார். மஹானிக்கு இரண்டாம் பருவம் கிடைத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்கலாம். என் கணிப்பில் ஆகியிருக்காது. எறிதல் விழாத நாள்களிலும் உயரத்தாலும் ரீபவுண்டாலும் பாஸாலும் நியூட்டன் ஆட்டத்துக்குப் பங்களித்தார். மஹானியின் ஆட்டத்தில் அப்படி ஒரு மாற்று வழி இருக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் டெமரியையும் ஸ்மித்தையும் எடைபோட வேண்டும். புள்ளிக் கணக்கில் டெமரி முன்னே நிற்கிறார்: 2015க்குப் பிறகு முதன்முறையாக ஜார்ஜியா தேசியத் தொடருக்குள் நுழைந்த 2024-25 பருவத்தில் அவருடைய சராசரி 13.5, ஸ்மித்தின் சராசரி பத்தைச் சற்றே தாண்டியது. பந்தைப் பகிர்வதில் நிலைமை தலைகீழ். ஓர் ஆட்டத்திற்கு ஐந்துக்கு மேற்பட்ட அசிஸ்டுகள் (புள்ளியாக மாறும் பாஸ்கள்) கொடுத்த ஸ்மித், பிறவிப் பாயின்ட் கார்டு. 2024 நவம்பரில் ஹவாயின் மாவியில் யூகானை 85-67 என்று வீழ்த்திய டேட்டன் அணியின் ஆட்டத்தை நடத்தியவரும் அவரே. டெமரி அப்போதைக்கு அரைப் பாயின்ட் கார்டு என்பதே நேர்மையான மதிப்பீடு: கூடையை நோக்கிப் பாய்வார், நெருக்கடியில் பந்தை இழக்கவும் செய்வார்.

அப்படியிருந்தும் தொடக்க ஐவரில் டெமரியே இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு அந்த 13.5 காரணமன்று. 2024-25இல் யூகானைக் கவிழ்த்தது, எதிரணிக் கார்டுகளை முன்வரிசையில் தடுத்து நிறுத்த ஆளில்லாமை. அந்தச் சுமையில் பெரும்பங்கைச் சுமந்த யூகான் கார்டு ஹசன் டியாராவும் முழங்கால் காயத்தோடு ஆடினார். தேசியத் தொடரின் இரண்டாம் சுற்றில், ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் வால்ட்டர் கிளேட்டனைக் கட்டுப்படுத்த முடியாமல் புளோரிடாவிடம் 77-75 என்று தோற்றது அதன் உச்சம். ஆறடி நான்கு அங்குலத்துக்குக் குறையாத டெமரியால் அத்தகைய கார்டின் முன் நின்று மறிக்க முடியும். ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள ஸ்மித், 2023-24 பருவம் முழுவதையும் முழங்கால் காயத்தால் ஏறக்குறைய இழந்து மீண்டவர் என்பதையும் கணக்கில் கொண்டால், நாற்பது நிமிடங்களில் பெரும்பகுதிக்கு அந்த வேலையை அவரிடம் ஒப்படைப்பது துணிச்சலாகவே இருக்கும்.

ஸ்மித்துக்கு உரிய நேரம் வேறு. டெமரி இரண்டாவது தவறு (ஃபவுல்) செய்து பெஞ்சுக்கு வரும் முதல் பாதியின் பிற்பகுதியிலும், எதிரணி முழு ஆடுகளத்திலும் நெருக்கும் நேரங்களிலும், பந்தைச் சிந்தாமல் எதிர்ப்பக்கம் கொண்டுசேர்க்க அவரைவிடப் பொருத்தமானவர் இந்த அணியில் இல்லை. இருவரையும் சேர்த்து இறக்கிப் பார்க்கும் ஆசை ஹர்லிக்கு வரலாம். டெமரி பந்தில்லாமல் ஓடப் பழகி, திறந்த இடத்தில் வரும் மூன்று புள்ளி வாய்ப்புகளைத் தயங்காமல் எறிந்தால் அது நடக்கும். நவம்பர் ஆட்டங்களில் அவருடைய புள்ளிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஸ்மித் பந்தை வைத்திருக்கும்போது டெமரி நிற்கிறாரா ஓடுகிறாரா என்று பாருங்கள்.