64,800 ரூபாய் போச்சு. குழுவா டூர் போற பெண்கள் தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் பணம் அனுப்புங்க

நடந்து பன்னெண்டு நாள் ஆச்சு. எழுத வேண்டாம், அசிங்கம், நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு இருந்தேன். நேத்து சாயங்காலம் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். என்னென்ன கவனிக்கணும்னு கடைசில விவரமா எழுதுறேன்.

மதுரைல திருநகர் பக்கம் எங்க வீடு. எங்க தெருவும் பக்கத்துத் தெருவுமா சேர்ந்து 27 பெண்கள் எட்டு வருஷமா குழுவா இருக்கோம். கடன் வாங்குற குழு இல்ல. மாசத்துல முதல் சனிக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடியில கூடுவோம். மார்கழில கோலப் போட்டி, தை வெள்ளில திருவிளக்கு பூஜை, நவராத்திரிக்கு வீடு வீடா கொலு. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர். குற்றாலம் போயிருக்கோம், ராமேஸ்வரம் போயிருக்கோம், போன வருஷம் கன்னியாகுமரி. எங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டு ஆம்பளைங்க இல்லாம ஊருக்குப் போறது அந்த ஒரு தடவைதான். யாருக்கும் பரிமாறாம முதல் பந்தில உட்கார்ந்து சாப்பிடுற ரெண்டு நாள் அது.

அதுக்குத்தான் ஆளுக்கு மாசம் 200 ரூபாய் சேர்க்குறோம். பன்னெண்டு மாசத்துக்கு 2,400. 27 பேருக்கு 64,800. உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் ஏறின உடனே அதுல இருந்து இருநூறை எடுத்துத் தர்றவங்க பத்துப் பேருக்கு மேல இருக்காங்க. எதிர் வீட்டு அப்பத்தாவுக்கு 74 வயசு. முதியோர் பென்ஷன் 1,200 வரும். அதுல இருநூறைச் சுருக்குப் பையில இருந்து எடுத்து, ரெண்டு தடவை எண்ணித்தான் என் கையில வைக்கும். நான்தான் பொருளாளர். நோட்டு என்கிட்டதான் இருக்கு.

இந்த வருஷம் நவக்கிரகக் கோவில்கள்னு முடிவு பண்ணோம். தெரிஞ்ச வேன்காரர் ஒருத்தர் வண்டிக்கு மட்டும் 42,000 கேட்டார். ரூமும் சாப்பாடும் நம்ம பொறுப்பு. அது அதிகம்னு பட்டுச்சு. எங்கள்ல ஒருத்தரோட பொண்ணு, டூர் ஏற்பாடு பண்றவங்களைத் தேடிக் கொடுக்குற ஒரு இணையதளம் இருக்குன்னு காட்டுச்சு. ஊர், ஆள் எண்ணிக்கை, தேதி போட்டா அவங்களே கூப்பிடுவாங்களாம். போட்ட கால் மணி நேரத்துல திருச்சி டிராவல்ஸ்னு ஒருத்தன் கூப்பிட்டான். அந்தத் தளத்துல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டவர்"னு போட்டிருந்துச்சு.

பஸ், ஒரு ராத்திரி ரூம், ஆறு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,400ன்னான். எங்க கையில இருந்த தொகையே அதுதான். "நாங்க 2,400 தான் சேர்த்திருக்கோம் தம்பி"ன்னு நான்தான் முதல்ல சொன்னேன். அதை வாங்கிக்கிட்டுத்தான் அவன் விலை சொல்லியிருக்கான். இப்ப புரியுது.

நம்பினது எதைப் பார்த்துன்னு கேட்டீங்கன்னா, விலையைப் பார்த்து இல்ல. அவனுக்குக் கோவில் தெரிஞ்சிருந்துச்சு. "அக்கா, மத்தியானம் பன்னெண்டு, பன்னெண்டரைக்கெல்லாம் நடை சாத்திருவாங்க, திறக்க நாலு மணி ஆயிரும். அதனால சனிக்கிழமை விடியக்காலையே திங்களூர்ல ஆரம்பிச்சு ஆலங்குடி, சூரியனார் கோவில், கஞ்சனூர் முடிச்சிருவோம். ஞாயித்துக்கிழமை இருட்டோட கிளம்பி திருநள்ளாறு நள தீர்த்தத்துல குளியல். அப்புறம் கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன் கோவில். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும், சரியா அந்த நேரத்துக்கு உங்களைத் திருநாகேஸ்வரத்துல கொண்டு போய் நிறுத்திருவேன். பாலாபிஷேகத்துல பால் நீல நிறமா இறங்குறதை அம்மாமார் எல்லாரும் பார்க்கணும்"னான். திருநள்ளாறு காரைக்கால்ல இருக்கு, பாண்டிச்சேரி பெர்மிட் வேணும், அதையும் அவனே பார்த்துக்குறேன்னான். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன். மாடியில இருந்த அத்தனை பேரும் கேட்டாங்க. இவ்வளவு தெரிஞ்ச பையன் ஏமாத்துவான்னு ஒருத்தருக்கும் தோணல.

அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பினான். பஸ் முன்னாடி கட்டுற பேனராம். மேல பிள்ளையார், ஓரத்துல ஒன்பது கோபுரம், நடுவுல பெரிய எழுத்துல எங்க குழுப் பேரு, கீழ போன வருஷம் கன்னியாகுமரில எடுத்த எங்க போட்டோ. அதை நான்தான் அவனுக்கு அனுப்பியிருந்தேன். "இது நம்ம செலவுக்கா, உங்களுக்கு ஃப்ரீ." 27 பேரும் அதைத்தான் ஸ்டேட்டஸ் வச்சோம். அப்பத்தா தன் பேத்தி போன்ல அதைப் பெருசாக்கி, தன் முகத்து மேல விரலை வச்சு வச்சுப் பார்த்துச்சு.

மறுநாள் 30,000 அனுப்பினேன். கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணப்ப டிராவல்ஸ் பேர் வரல, யாரோ ஒரு ஆள் பேர் வந்துச்சு. கேட்டேன். "அக்கவுண்டன்ட் பேருக்கா, கம்பெனி அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு"ன்னான். நாலு நாள் கழிச்சு, ரூம் பிளாக் பண்ணணும், முகூர்த்த நாள், இன்னிக்கே கட்டலைன்னா போயிரும்னு அவசரப்படுத்தினான். மிச்சம் 34,800ஐயும் அனுப்பினேன். மொத்தம் 64,800.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பஸ்னு சொல்லியிருந்தான். ஒன்பதரைக்கே எல்லாரும் தெருமுனைப் பிள்ளையார் கோவில்கிட்ட வந்துட்டோம். எலுமிச்சை சாதம், முறுக்கு, தண்ணி கேன், கால்வலித் தைலம், மாத்திரை டப்பா. பத்தேகாலுக்கு "துவரங்குறிச்சி தாண்டிட்டோம்க்கா". பதினொண்ணுக்கு "கொட்டாம்பட்டில பஞ்சர்". பதினொண்ணே முக்காலுக்கு "மேலூர் வந்தாச்சு, அரை மணி நேரம்". டிரைவர் நம்பர் கேட்டேன், "வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார்க்கா". ஒரு மணிக்கு மேல போன் ஸ்விட்ச் ஆஃப். அப்பத்தா கோவில் படியிலேயே பையைத் தலைக்கு வச்சுப் படுத்துருச்சு. வீட்டு ஆம்பளைங்க வந்து கூட்டிட்டுப் போனப்ப மணி மூணு. "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு அந்த நேரத்துல கேட்டவங்களும் உண்டு.

காலைல பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான். அதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஓடிப் போகல, அவனே கூப்பிட்டான். அழுற மாதிரி பேசினான். டிரைவர் ஏமாத்திட்டான், ஓனர் கோவமா இருக்காரு, உங்க பணம் பைசா குறையாம ஏழு வேலை நாள்ல வந்துரும், போலீஸ் கீலீஸ்னு போனா அக்கவுண்டை முடக்கிருவாங்க, அப்புறம் எனக்கே அனுப்ப முடியாதுக்கான்னான். நான் நம்பினேன். ரெண்டாவது தடவையும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை "மேனேஜர் லீவு". புதன்கிழமை "பேங்க் சர்வர் டவுன்". வியாழக்கிழமை, "நான் வெறும் ஏஜென்ட்தான், ஓனர்கிட்ட பேசுங்க". ஓனர் நம்பர் தரல. வெள்ளிக்கிழமை என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

அந்த இணையதளத்துக்கு போன் போட்டேன். நாலு தடவை பாட்டு கேட்கவச்சுட்டு ஒரு பொண்ணு எடுத்துச்சு. "மேடம், நாங்க விவரம் மட்டும்தான் தர்றோம், பரிவர்த்தனைக்கு நாங்க பொறுப்பில்ல." அப்ப அந்தப் பச்சை டிக் எதுக்குன்னு கேட்டேன். அவரோட மொபைல் நம்பரைச் சரிபார்த்ததுக்கான டிக்காம். ஓடிபி போச்சு, வந்துச்சு, அவ்வளவுதான். ஆளைப் பார்க்கல, ஆபீஸைப் பார்க்கல, ஒரு பேப்பர் கூடக் கேட்கல. பேங்க்ல, "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன செய்ய"ன்னாங்க. ஸ்டேஷன்ல, "டூர் கேன்சல் ஆனதெல்லாம் சிவில் மேட்டரும்மா"ன்னாங்க.

என் அண்ணன் பையன் சொல்லித்தான் 1930க்குப் போட்டேன். சைபர் மோசடிக்கான உதவி எண். அவங்க பொறுமையாக் கேட்டாங்க, புகாரைப் பதிஞ்சு நம்பர் கொடுத்தாங்க. ஆனா பணம் எப்பவோ வேற வேற கணக்குக்கு மாறிருச்சு. தெரிஞ்ச உடனே, அந்த ராத்திரியே கூப்பிட்டிருந்தா ஏதாவது மிச்சம் நிறுத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. அந்த "ஏழு வேலை நாள்" எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கத்தான் அந்த ஏழு நாள்.

அண்ணன் பையன் இன்னொண்ணும் பண்ணான். அந்த டிராவல்ஸ்காரன் முன்னாடியே எனக்கு அனுப்பியிருந்த பஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். ஓரத்துல நம்பர் பிளேட் பாதி தெரியுது. கேரளா வண்டி. யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. நான் அதைப் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். சீட்டு, ஸ்கிரீன், ஏசிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

போன சனிக்கிழமை மாடியில கூடினோம். யாரும் என்னைத் திட்டல. ஒருத்தி மட்டும், "நோட்டை ஒரு தடவை பார்க்கலாமாக்கா"ன்னு மெதுவாக் கேட்டா. எட்டு வருஷத்துல யாரும் கேட்டதில்ல. கொடுத்தேன். கேட்குறது அவ உரிமை, அவ பணம் அது. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. 64,800ஐ மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா நானே கட்டிடுறேன்னு சொல்லியிருக்கேன். வேண்டாம்ங்குறாங்க. முதல்ல அப்பத்தாவோட 2,400ஐக் கொடுத்துட்டேன். வாங்க மாட்டேன்னுச்சு. பூஜை அறையில வச்சுட்டு வந்துட்டேன்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், சைபர் ஆபீஸுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்டோட கிளம்பணும், நேரமில்ல. முக்கியமானதை மட்டும் சொல்றேன். வண்டி நம்பர் வாங்காம ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. நம்பரை எம்பரிவாகன்ங்குற அரசு ஆப்புல போட்டா என்ன வண்டி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்று), இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னு வந்துரும். கம்பெனி பேர் ஒண்ணு, பணம் போற பேர் இன்னொண்ணுன்னா அங்கேயே நிறுத்திருங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க. உங்க பட்ஜெட்டை நீங்களா சொல்லாதீங்க. ஏமாந்தது தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930. நுகர்வோர் குறைக்கு 1915. நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது, நாங்க அந்த இணையதளத்து மேல போடப் போறோம். கும்பகோணத்துல இருந்து அரசு பஸ்ஸே சனி, ஞாயிறுல நவக்கிரகக் கோவில்களுக்கு விடுறாங்க, 2024ல ஆரம்பிச்சப்ப டிக்கெட் 750 ரூபாய். இது எனக்கு இப்பத்தான் தெரியும்.

நேத்து பார்த்தது இதுதான். அதே இணையதளத்துல வேற பேர்ல ஒரு டிராவல்ஸ், அதே பச்சை டிக். உள்ள போய்ப் பார்த்தா அதே பேனர். மேல அதே பிள்ளையார், ஓரத்துல அதே ஒன்பது கோபுரம். நடுவுல மட்டும் வேற ஒரு மகளிர் குழுவோட பேர், கீழ சிவப்புச் சேலையில பதினஞ்சு இருபது பெண்கள். படம் சின்னதா இருக்கு, பேர் சரியாத் தெரியல. கடைசி எழுத்து "மங்கலம்" மாதிரி தெரியுது. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புறதா போட்டிருக்கு. தளத்துக்கு எழுதினேன், "பரிசீலிக்கிறோம்"னு ஒரு வரி வந்துச்சு. இன்னும் எடுக்கல.

திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருச்சி, எந்த ஊரா இருந்தாலும் சரி, சிவப்புச் சேலை கட்டி இப்படி போட்டோ எடுத்த குழு உங்களுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. மிச்சப் பணத்தை அவங்க இன்னும் அனுப்பாம இருக்கலாம்.