குச்சியின் நிழலும் ஒரு செயல்நூலும்

மக்தப் எனும் மார்க்கப் பாடசாலையில் ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான், ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்திப் பார்த்த செயல்நூல் ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. மார்க்கக் கல்வியின் வழியே நவீனக் கற்றல் திறன்களை வளர்ப்பதாக அதன் அட்டை கூறியபோது, பழைய வினாவிடைகளுக்கு வண்ணம் பூசியிருப்பார்கள் என்றே எண்ணினேன். நூலின் ஏறத்தாழப் பாதிக்கு அந்த ஐயம் பொருந்தவும் செய்தது.

மறுபாதியில் முதலில் சொல்ல வேண்டியது தொழுகை நேரங்கள் பற்றிய பாடம். திறந்தவெளியில் குச்சி ஒன்றை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் அளவை நண்பகலில் குறித்துக்கொண்டு, பின்னர் நிழல் நீள்வதைக் குழுவாக அளந்து, நண்பகலுக்குப் பிந்தைய தொழுகையான லுஹர் தொடங்குவதையும் பிற்பகல் தொழுகையான அஸர் நுழைவதையும் பிள்ளைகளே கண்டறிய வேண்டும். தாங்கள் கண்ட நேரம் கைப்பேசிச் செயலி காட்டியதோடு ஒத்துவராதபோது, பிழை எங்கே என்று அவர்களே வாதிட்டு, குச்சி சாய்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆயினும், நண்பகல் நிழல் நீங்கலாகக் குச்சியின் நீளத்துக்கு நிழல் வரும்போது அஸர் தொடங்கும் என்ற ஷாஃபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்டப் பிரிவின்) கணக்கை மட்டுமே நூல் தருகிறது. ஹனஃபி மத்ஹபில் அது இருமடங்கு. "எங்க வாப்பா இன்னும் நேரமாகலைன்னு சொல்வாங்களே, உஸ்தாத்" என்று ஒரு சிறுவன் கேட்டபோது, அக்கேள்விக்கு நூலில் இடமே இல்லை. இரு கருத்துகளையும் அவற்றின் காரணங்களோடு எடைபோடப் பழக்க இதைவிடச் சிறந்த வாய்ப்பு எது?

தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்னும், குர்ஆனின் சூரா (அத்தியாயம்) அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனத்தையொட்டிய பயிற்சி இன்னும் சிறப்பானது. வதந்தி ஒன்றைக் கையில் கொடுத்து, இதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், நேரில் கண்டவர் உண்டா என்று பின்னோக்கி விசாரிக்கச் சொல்கிறார்கள். நபிமொழியான ஹதீஸை வழிவழியாகச் சொல்லிவந்தவர்களின் வரிசை ஏன் ஆராயப்படுகிறது என்பதை எட்டு வயதுப் பிள்ளை இதன்மூலம் விளங்கிக்கொள்கிறது. நபியவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு நீரில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்ததை வைத்து, நாம் குழாயில் செலவிடும் நீரை அளக்கும் பயிற்சியும் நன்று. ஆனால் ஸகாத் எனும் கட்டாய தருமத்தின் நாற்பதில் ஒரு பங்கு வெறும் கணக்காகவே நின்றுவிடுகிறது.

நபிமார் வரலாற்றுப் பகுதிதான் ஏமாற்றம். நட்சத்திரம், சந்திரன், சூரியன் என ஒவ்வொன்றும் மறைவதைக் கண்டு, மறைபவை இறைவனாக முடியாதென இப்ராஹீம் நபி எடுத்துரைத்த வாதம் சூரா அல்அன்ஆமில் இருக்க, நூலோ அம்மூன்றுக்கும் வண்ணம் தீட்டச் சொல்வதோடு முடித்துக்கொள்கிறது. மனனத்தைப் பழமையென்று ஒதுக்காமல், ஒருவர் ஓத மற்றவர் கேட்டுத் திருத்தும் இணைப் பயிற்சியாக்கியிருப்பது ஆறுதல். (குர்ஆன் ஓதும் உச்சரிப்பு முறையான தஜ்வீதில் தவறு கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் உற்சாகத்தைச் சொல்லி மாளாது.) ஆசிரியர் கையேடு மெலிந்தது, புதிதாகக் கற்பிக்க வருபவருக்கு அது போதாது.

அடுத்த ஆண்டும் இந்நூலையே வாங்கவிருக்கிறேன். நிழல் அட்டவணையில் மட்டும், கொடுப்பதற்கு முன் இன்னொரு பத்திக்கு நானே கோடு போட்டுவிடுவேன்.