வீட்டில் செய்த கேமரா ஸ்லைடருக்கு டிஎம்சி2208 டிரைவர்

சமையல் காணொளிகளுக்காக, கேமராவை நேர்கோட்டில் நகர்த்தும் 800 மி.மீ. ஸ்லைடர் ஒன்றை வீட்டிலேயே செய்தேன். அதில் படிப்படியாகச் சுழலும் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார், ஜிடி2 பெல்ட், 20 பல் புல்லி, துடிப்புகளாகக் கட்டளை தரும் ஆர்டுயினோ நானோ ஆகியவற்றோடு, அந்தத் துடிப்புகளுக்கேற்ப மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவராக, விலை குறைவு என்பதால், ஏ4988-ஐயும் பொருத்தியிருந்தேன். கேமரா நகர்ந்தது, ஆனால் கூடவே பாடியது. பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ. என்பதால் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும், மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 படிகள், ஒவ்வொரு படிக்கும் 16 நுண்படிகள் எனக் கணக்கிட்டால் ஒரு மி.மீ.க்கு 80 துடிப்புகள் வருகின்றன. நொடிக்கு 5 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் நொடிக்கு 400 துடிப்புகள், அதாவது காதில் விழும் அதிர்வு. தாளிக்கும் ஓசைக்காக வைத்த மைக்கில் அந்த ரீங்காரம் தெளிவாகப் பதிந்துவிடுகிறது.

சென்னை ரிட்சி தெருவில் வாங்கி வந்த டிஎம்சி2208, அதே அளவிலான பலகையில் வருவதால், பழையதை எடுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. நாம் தரும் 16 நுண்படிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தானே 256 வரை நிரப்பி, மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் படிக்கட்டாக அன்றி அலையாக மாற்றுவதே இதன் சிறப்பு. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காதை அருகில் கொண்டுபோனால்தான், மோட்டார் ஓடுவதே தெரிகிறது.

மாற்றும்போது சில சங்கடங்கள் உண்டு. நுண்படிகளைத் தேர்ந்தெடுக்கும் முனைகளின் பொருள் ஏ4988-இல் இருப்பதைப் போன்றதல்ல. 16 வேண்டுமானால் எம்எஸ்1, எம்எஸ்2 ஆகிய இரு முனைகளையும் உயர்நிலையில் (மின்னழுத்தம் தந்து) வைக்க வேண்டும். மோட்டாரும் எதிர்த்திசையில் சுழன்றது. இணைப்பை மாற்றாமல் நிரலிலேயே திசையைத் திருப்பிக்கொண்டேன். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்கினால் டிரைவர் எரிந்துபோகலாம் என்பதை, ஒன்றைப் பலிகொடுத்துத்தான் கற்றேன். தவறு முழுக்க என்னுடையதே.

ஓசையற்ற நிலையில், வேகம் கூடும்போது இழுவை குறைகிறது என்பது உண்மையான குறை. கிடைமட்டத்தில் அது உறுத்தவில்லை. ஸ்லைடரைச் சாய்த்து வைத்துக் கேமராவை மேல்நோக்கி வேகமாக ஏற்றியபோது மோட்டார் படிகளைத் தவறவிட்டது. அப்படிப் படமெடுப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேமரா ஸ்லைடரின் நடுப்பகுதியைக் கடக்கும்போது காட்சி தாழ்ந்து எழுவதற்கு டிரைவரைக் குறைகூறுவோர் இருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில், கேமரா ஓடும் 8 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டுகள் இரண்டின் மேல், நடுப்புள்ளியில் ஒரு கிலோ கேமரா நின்றால், 800 மி.மீ. நீளத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் வளைவு வரும். நீளம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். ஆகவே டிரைவரை மறுபடி மாற்றாமல், தண்டுகளுக்குப் பதிலாக அலுமினியச் சட்டத்தின் மேல் திருகிய எம்ஜிஎன்12 தண்டவாளத்துக்குத்தான் அடுத்ததாகச் செலவிடப் போகிறேன்.